383 கிராங்க்கும் ஆறு அங்குலக் கான்ராடும்: நாலு வருஷ ஓட்டத்துக்குப் பிறகு

எங்கள் படகில் இருப்பது செவர்லே 350 (கன அங்குலம்) இன்ஜின், 5.7 லிட்டர், படகுக்கென்று வரும் மெர்குரூசர் செட். அதில் கிராங்க்கையும் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) கான்ராடையும் (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கம்பி) மாற்றிய கதை இது. நானும் மச்சானும் கூட்டுக்காசு போட்டுப் பழையதாக வாங்கினோம். பினாங்கு பக்கம் நிபோங் திபாலில் கிரியான் ஆற்றில் இறக்கி, முகத்துவாரம் தாண்டி மீன் பிடிக்கப் போவோம். அப்படிப் போன ஒரு நாள் அலை தூக்கிப் போட்டதில் புரொப்பெல்லர் தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டது. பாரம் இல்லாத இன்ஜின் ஒரு கத்து கத்தியது. கரைக்குத் திரும்பும் வழியெல்லாம் 'டொக் டொக்' என்று சத்தம்.

பிரித்துப் பார்த்தால் ஆறாம் நம்பர் கான்ராடின் பேரிங் இருந்த இடத்தில் நிற்காமல் சுழன்று, அது உட்காரும் கிராங்க் ஜர்னல் (கிராங்க்கின் உருளைப் பகுதி) சூட்டில் நீலம் பாரித்திருந்தது. ஒரு போல்ட் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நீண்டிருந்தது. கான்ராட் போல்ட்டை வதைப்பது வெடிப்பின் அழுத்தம் இல்லை. புகையைத் தள்ளிக்கொண்டு மேலே போன பிஸ்டனைப் பிடித்து நிறுத்திக் கீழே இழுக்கிற வேலைதான். அந்த இழுவை வேகத்தின் வர்க்கமாக ஏறும். நிமிஷத்துக்கு 4600 சுற்றில் ஓட வேண்டியது 6000க்குப் போனால் கிட்டத்தட்ட 1.7 மடங்கு.

புக்கிட் மெர்தாஜமில் கிராங்க் கிரைண்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். "காரை வைத்துக் கணக்குப் போடாதே தம்பி. படகுக்கு இறக்கமே கிடையாது" என்றார். செம்பனைக் குலை ஏற்றிய லோரி புக்கிட் பெராபிட் மேட்டில் ஏறுகிற மாதிரிதான் படகு இன்ஜின் எந்நேரமும் ஓடுகிறது. காலை எடுத்தால் உருண்டு போகிற நிமிஷமே அதற்கு இல்லை. காரில் 5000 சுற்றுக்குக் கீழே ஓடும் 383க்கு (350ஐப் பெரிதாக்கினால் வருவது) வார்ப்பு எஃகு கிராங்க் தாராளமாகத் தாங்கும். படகுக்கு ஃபோர்ஜ் செய்தது (அடித்து உருவாக்கியது) வாங்கு என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

பழைய 3.48 அங்குல ஸ்ட்ரோக்கோடு (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) நிற்பதா, 3.75க்குப் போவதா என்று ஒரு மாதம் இழுத்தோம். 350 பிளாக்கை 30 தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) போர் செய்து, அதாவது சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கி, 3.75 கிராங்க் போட்டால் 383 கன அங்குலம் வரும். மச்சானுக்கு வேகம் வேண்டும். எனக்கு 5000க்கு மேல் சுற்றாமலேயே பெரிய புரொப்பெல்லரை இழுக்கும் டார்க் (முறுக்குவிசை) வேண்டும். இரண்டுக்கும் 383தான் பதில். 5000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 14.7 மீட்டரில் இருந்து 15.9க்கு ஏறும், அவ்வளவுதான்.

4340 எஃகில் ஃபோர்ஜ் செய்த கிராங்க், அதே எஃகில் எச்-பீம் (குறுக்குவெட்டு எச் வடிவம்) கான்ராட், ஏ.ஆர்.பி. கம்பெனி போல்ட். அனுப்புச் செலவோடு ஆறாயிரம் மலேசிய வெள்ளிக்கு மேல் ஆனது. வீட்டில் பாதிதான் சொன்னேன்.

ஆர்டர் போடுமுன் பார்க்க வேண்டியது கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல். 1986க்கு முந்தைய பிளாக்கில் அது இரண்டு துண்டு, அதன் பிறகு ஒரே துண்டு. ஒன்றின் கிராங்க் மற்றதில் அப்படியே உட்காராது. எங்களுடையது ஒரு துண்டு. அந்த வகையில் ஃப்ளைவீலிலும் (கிராங்க்கின் பின்முனைச் சக்கரம்) கொஞ்சம் எடைச் சமன் வைத்திருப்பார்கள். அது தெரியாமல் கிராங்க், பிஸ்டன், கான்ராட் மட்டும் பாலன்ஸ் பண்ணக் கொண்டுபோய், "ஃப்ளைவீல் எங்கே, டேம்பர் (முன்முனையில் அதிர்வைத் தணிக்கும் சக்கரம்) எங்கே?" என்று கேட்டு அண்ணன் திருப்பி அனுப்பினார். ஒரு நாள் பாழ்.

கான்ராட் நீளத்தில் 5.7 அங்குலமும் உண்டு, 6.0வும் உண்டு. நான் ஆறு எடுத்தேன். பிஸ்டன் குட்டையாகி எடை குறைகிறது, சுவரில் சாய்ந்து தள்ளுவதும் குறைகிறது. ஆனால் பிஸ்டன் பின் துளை ஆயில் ரிங் பள்ளத்துக்குள் ஏறிவிடுவதால், அடியில் ஒரு தாங்கு வளையம் போட வேண்டியிருக்கிறது. அதனாலோ என்னவோ, இன்ஜின் எண்ணெய் கொஞ்சம் குடிக்கிறது. மறுபடி செய்தால் 5.7ஐயும் விலை கேட்பேன்.

ஸ்ட்ரோக் கூடியதால் கான்ராட் போல்ட் கேம்ஷாஃப்ட்டையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பிளாக்கின் அடி ஓரத்தையும் உரசப் பார்க்கும். கையால் மெதுவாகச் சுற்றி, எட்டு இடத்திலும் 50 தௌ இடைவெளி வரும் வரை பிளாக்கைத் தேய்த்தேன். இரும்புத் தூளைக் கழுவி எடுக்கவே இரண்டு ராத்திரி போனது. (எங்கள் ஆலையில் ஃபிட்டர் எல்லாரும் தௌ கணக்கில்தான் பேசுவோம்.)

அடி வாங்கிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பூட்டி 25 மணி நேரம் ஓட்டியபின் ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்பை நாளிதழ் மேல் விரித்தேன். டார்ச் வெளிச்சத்தில் செம்பு நிறத்தில் பொடி மினுங்கியது. படகுக்குள் எண்ணெய்ச் சட்டியைக் கழற்ற இடம் கிடையாது, இன்ஜினையே தூக்க வேண்டும். மச்சான் வீட்டுக் கொட்டகை உத்தரத்தில் செயின் பிளாக் மாட்டித் தூக்கினோம். கான்ராட் பேரிங்குகளின் ஒரு விளிம்பில் மட்டும், மயிரிழை அகலத்துக்கு, பளபளவென்று ஒரு கோடு. நடுப்பகுதி புதுசு மாதிரி சாம்பல் நிறத்தில் அப்படியே இருந்தது.

அண்ணன் பார்த்ததும் சொல்லிவிட்டார். இந்த மாதிரிக் கிராங்க்கில் ஜர்னல் முடியும் மூலையைப் பலத்துக்காகப் பெரிய வளைவாக விட்டிருப்பார்கள். விரிசல் விழுவது அந்த மூலையில்தான். அதற்கு ஓரம் சரிவாக வெட்டிய பேரிங் போட வேண்டும். நான் போட்டது சாதாரணம், வளைவின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. விற்றவரிடம் கேட்டால், "வாங்குகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும்" என்று பதில். பெட்டியிலும் ஒரு வரி இல்லை. நல்ல வேளை, ஜர்னல் தப்பித்தது.

இரண்டாம் தடவை ஒவ்வொன்றையும் அளந்தேன். ஜர்னல் விட்டத்தில் அங்குலத்துக்கு ஒரு தௌ இடைவெளி என்பது பட்டறைக் கணக்கு. 2.1 அங்குலக் கான்ராட் ஜர்னலுக்கு 2.1 தௌ. படகுக்கு அரை தௌ கூட்டி 2.6 வைத்தோம். போல்ட்டை டார்க் ரெஞ்ச்சை மட்டும் நம்பி முறுக்கவில்லை. நீட்சி அளக்கும் கேஜ் வைத்தே இறுக்கினேன். முறுக்குமுன் 16 போல்ட்டின் நீளத்தையும் மகளின் பழைய கணக்கு நோட்டில் எழுதி வைத்தேன்.

அந்த நோட்டு பிற்பாடு உதவியது. இரண்டு வருஷம் கழித்து, 300 மணி நேரத்தில், ஆயில் சீல் கசிந்ததால் இன்ஜினைத் தூக்க வேண்டி வந்தது. அதே சாக்கில் போல்ட்டுகளைக் கழற்றி அளந்தேன். தளர்த்திய பிறகும் ஒரு தௌ நீளம் கூடியிருந்தால் தூக்கிப் போட வேண்டும். 14 போல்ட் அப்படியே இருந்தன. ஆறாம் நம்பரில் இரண்டும் அரை தௌ கூடியிருந்தன. ஏன் மறுபடி ஆறு என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அந்த இரண்டை மட்டும் மாற்றினேன்.

இப்போது மீட்டரில் 540 மணி. 19 பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் அங்குலக் கணக்கு) புரொப்பெல்லரை எடுத்துவிட்டு 21 போட்டிருக்கிறோம், முழு த்ராட்டிலில் 4700 சுற்று. எண்ணெய் 25டபிள்யூ-40. சூட்டில் 4600 சுற்றுக்கு அழுத்தம் 55 பி.எஸ்.ஐ. நிற்கிறது. ஆயிரம் சுற்றுக்குப் பத்து என்ற கணக்குக்கு மேலேதான். பெட்ரோல் செலவு மட்டும் நன்றாகவே கூடிவிட்டது. அலை வரும்போது இப்போதெல்லாம் மச்சான் கையை லீவரில் இருந்து எடுப்பதில்லை. புரொப்பெல்லர் வெளியே வரும் சத்தம் கேட்குமுன் குறைத்துவிடுகிறார்.

தீபாவளி லீவில் மறுபடி தூக்கி ஆறாம் நம்பரைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். கேஸ்கெட் வாங்கி வைத்தாயிற்று. செயின் பிளாக்கைத்தான் யாரோ இரவல் வாங்கிப் போய் இன்னும் கொண்டு வரவில்லை.