அறுபத்தைந்தாயிரம் ரூபாய் கேமிங் பிசி: சில கோடைகளுக்குப் பிறகு

2023 நடுவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினி இது. திருச்சி வெயிலிலும் தூசியிலும் இன்றும் தினமும் ஓடுகிறது. புதுசாக வாங்கிய வாரத்தில் எழுதும் ரிவ்யூக்களில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை காட்சி) எண்கள்தான் நிறைந்திருக்கும். எந்தப் பாகத்துக்குக் கொடுத்த காசு வீணாகவில்லை என்பது அப்போது தெரியாது. இப்போது ஓரளவு தெரிகிறது.

முதலில் வாங்கியவை. ப்ராசசர் ரைசன் 5 5600, ஏறக்குறைய 12,500 ரூபாய். பி450 சிப்செட் மதர்போர்டு 7,000. ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு 21,000. 8 ஜிபி ரேம் இரண்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்), 550 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் கரன்ட் கொடுக்கும் பெட்டி), முன்பக்கம் வலை வைத்த கேபினட் எல்லாம் சேர்த்து இன்னும் ஒரு பதினைந்தாயிரம். 24 இன்ச் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் தனி. மானிட்டரோடு அறுபத்தைந்தாயிரத்தைத் தாண்டியது. பாதிப் பாகங்கள் ஆன்லைனில், மீதி சென்னை ரிச்சி தெருவில்.

தேர்வுக்கு நான் வைத்திருந்த விதி ஒன்றுதான். பின்னால் சேர்த்துக்கொள்ள முடிந்ததில் சிக்கனம், மொத்தமாகத் தூக்கிப்போட்டுத்தான் மாற்ற முடியும் என்பதில் தாராளம். ரேமை அப்புறம் சேர்க்கலாம், ஃபேனைச் சேர்க்கலாம், ஹார்ட் டிஸ்க்கைச் சேர்க்கலாம். கிராபிக்ஸ் கார்டின் மெமரியைச் சேர்க்க முடியாது. எஸ்எம்பிஎஸ்ஸின் வாட்டைப் பின்னால் கூட்ட முடியாது.

கார்டு விஷயத்தில் இந்த விதி நன்றாகவே கைகொடுத்தது. அந்தச் சமயத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் பாதிப் பேர் சொன்ன பெயர் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். 2019இல் வந்தது, 6 ஜிபி. இன்னொரு பக்கம் 4 ஜிபி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, விலை கண்ணைப் பறிக்கும். இரண்டையும் விட்டுவிட்டு 8 ஜிபி உள்ள 6600க்குப் போனேன். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டும், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ஹார்ட்வேர் ரே ட்ரேசிங் (ஒளி, நிழலை நிஜம்போலக் கணக்கிடும் வசதி) இல்லாத கார்டுகளை ஆட்டத்தில் சேர்ப்பதே இல்லை. 1660 சூப்பர் அங்கேயே வெளியே. இரண்டின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலிலும் ஏஎம்டி பக்கம் எழுதியிருக்கும் பெயர் ஆர்எக்ஸ் 6600. கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் உள்ளே இருக்கிறது.

6500 எக்ஸ்டியை விட்டதற்கு வேறு காரணமும் உண்டு. அந்தக் கார்டு மதர்போர்டோடு பேசுவது நான்கே பிசிஐஇ லேன்களில், அதாவது தரவு போய்வரும் நான்கே பாதைகளில். பிசிஐஇ 4.0 போர்டில் போட்டால் சமாளிக்கும். பட்ஜெட்காரர்கள் வாங்கும் பி450 போர்டில் இருப்பதோ 3.0. அந்தப் பாதையின் வேகம் பாதியாகிவிடும், 4 ஜிபி நிரம்பியதும் திக்கித் திக்கி ஓடும். மலிவான கார்டு, விலை கூடிய போர்டைக் கேட்கிறது என்றால் அது என்ன மலிவு? 6600க்கு எட்டு லேன். 3.0 போர்டில் கொஞ்சம் இழப்பு உண்டு, ஆடும்போது எனக்குத் தெரிந்ததில்லை.

பழைய கார்டு வாங்கலாமா என்று இப்போதும் கேட்கிறார்கள். 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை வைத்துச் சம்பாதிக்கும் மைனிங் முறையையே கைவிட்ட பிறகு, இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தையில் கொட்டின. துடைத்து வைத்தால் எல்லாமே புதுசு மாதிரிதான் இருக்கும். தெரிந்தவர் வீட்டுக் கார்டு என்றால் சரி. இல்லையென்றால் பில்லும் வாரன்டியும் உள்ளதையே நான் வாங்குவேன்.

எனக்கு அந்த வாரன்டி தேவைப்பட்டது. இரண்டாவது கோடையில் கார்டின் ஒரு ஃபேன் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. சென்னை சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். கம்பெனி பெயர் வேண்டாம். இதோ வருகிறது, அதோ வருகிறது என்று வாரக்கணக்கில் இழுத்தார்கள். ஃபேன் மாற்றித்தான் கொடுத்தார்கள், காசு கேட்கவில்லை. ஆனால் அதுவரை கணினி முழுவதுமாகச் செத்துக் கிடந்தது. ரைசன் 5600க்குள் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லையென்றால் திரையில் ஒன்றும் வராது. பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் கடை அண்ணன் மூலையில் கிடந்த ஒரு பழைய ஜிடி 710ஐ எடுத்து, "கேம் ஆடிடாதடா, எக்செல் மட்டும் ஓட்டு" என்று கொடுத்ததால் ஆபீஸ் வேலை நடந்தது.

அதற்காக 5600ஐக் குறை சொல்ல மாட்டேன். உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள 5600ஜியில் எல்3 கேஷ் (ப்ராசசருக்குள் இருக்கும் அதிவேக மெமரி) 16 எம்பி, இதில் 32. நல்ல கார்டு போட்டு ஆடும்போது வித்தியாசம் தெரியும். ஆனால் இந்த ஒரே கணினியில்தான் படிப்பும் பிழைப்பும் என்றால், அவசரத்துக்குத் திரை காட்டும் ப்ராசசருக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. இன்டெலில் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். 12100எஃப், 12400எஃப் எல்லாம் அப்படி. கார்டுக்குக் காசு ஆறு மாதம் கழித்துத்தான் வரும் என்பவர்கள் 5600ஜியோடு ஆரம்பிப்பது நியாயம்.

எஸ்எம்பிஎஸ் கதை தனி. ரிச்சி தெருவில் ஒரு கடையில், "தம்பி, கேபினட்டோடயே 500 வாட் எஸ்எம்பிஎஸ் வருது, தனியா எதுக்கு நாலாயிரம்?" என்றார்கள். அதன் பக்கவாட்டு லேபிளைப் பார்த்தேன். 12 வோல்ட் லைனில் 16 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட். கார்டும் ப்ராசசரும் சாப்பிடுவது கிட்டத்தட்ட முழுக்க இந்த 12 வோல்ட்டில்தான். 6600க்கு மட்டும் 132 வாட், ப்ராசசர் உச்சத்தில் 76. சேர்த்தாலே கணக்கு தாண்டிவிட்டது. பெட்டியில் பெரிதாக எழுதிய வாட்டை விட்டுவிட்டு இந்த ஒரு வரியைப் படித்தால் போதும். 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலத் தரம்) என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதற்கான சான்று மட்டும்தான். அதோடு ஐந்து வருட வாரன்டியும் இருக்கிறதா என்று பார்த்தேன். கரன்ட் போய் வரும் ஊரில் இத்தனை காலத்தில் ஒரு பாகம்கூட எரியவில்லை.

யுபிஎஸ் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 600 விஏ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 360 வாட்தான். ஆடும்போது மானிட்டரோடு சேர்த்து இந்தக் கணினி 250 வாட் வரை இழுக்கும். வாட் போதும், ஆனால் பேட்டரி அதிக நேரம் தாங்காது. ஆக, சேவ் செய்துவிட்டு அணைக்கலாம், ஆட்டத்தைத் தொடர முடியாது. அதே 250 வாட்டில் நான்கு மணி நேரம் ஆடினால் ஒரு யூனிட். இரண்டு மாத பில்லைப் பார்த்து வீட்டில் யாராவது கேட்டால் சொல்லப் பயன்படும்.

ரேம் பற்றி அதிகம் இல்லை. ஒற்றை 16ஐ விட 8 ஜிபி இரண்டு போடுங்கள், பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்கில்) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை, ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 3200 வேக ரேம் 2133லோ 2400லோ ஓடிக்கொண்டிருக்கும், யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். மானிட்டரும் அப்படித்தான். விண்டோஸ் செட்டிங்கில் போய் 144 என்று மாற்றாமல் பல மாதம் 60இலேயே ஆடிய நண்பன் எனக்கு இருக்கிறான். நான்கு ஸ்லாட் போர்டு என்பதால் 2025 தொடக்கத்தில் இன்னொரு ஜோடி 8 ஜிபி சேர்த்தேன். அந்த வருடக் கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிப்போய் விலை எங்கோ ஏறிவிட்டது. இது கெட்டிக்காரத்தனம் இல்லை, அதிர்ஷ்டம்.

என் விதி செல்லாத இடம் எஸ்எஸ்டி. அப்புறம் சேர்க்கலாமே என்று 500 ஜிபி வாங்கத் தோன்றும். ஆனால் என் போர்டில் இந்த வகை எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் ஒன்றே ஒன்று. பால்டர்ஸ் கேட் 3 என்ற ஒரு ஆட்டம் மட்டுமே 150 ஜிபி இடம் கேட்கிறது. ஸ்லாட்டை எண்ணிப் பார்த்துவிட்டு முதலிலேயே 1 டிபி போட்டது சரியாக இருந்தது.

வெயிலுக்கு வருவோம். சித்திரை மதியத்தில், ஏசி இல்லாத அறையில், வலை முகப்புக் கேபினட்டுக்கும் கண்ணாடி முகப்புக்கும் உள்ள வித்தியாசம் காதிலேயே கேட்கும். ஆர்ஜிபி விளக்குக்குப் போகும் காசை இரண்டு நல்ல ஃபேனில் போடுங்கள். கார்டின் வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தும், எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு வைத்தும் ஓட்டுகிறேன். சூடும் சத்தமும் குறைந்தன. பின்பக்கம் கார்டு இல்லாத ஸ்லாட் ஓட்டைகளை மூடி வையுங்கள். பல்லிக்கு வெதுவெதுப்பான இடம் ரொம்பப் பிடிக்கும்.

ஆட்டம் எப்படி? 1080பியில் வேலரன்ட் 144ஐத் தாண்டித்தான் ஓடுகிறது. எல்டன் ரிங் அதற்கே உரிய 60 வரம்பில் நிம்மதியாக. சைபர்பங்க் மீடியத்தில் நன்றாக இருக்கிறது, ரே ட்ரேசிங்கை ஆன் செய்தால் கை எடுத்துக் கும்பிடுகிறது. புதிய பெரிய ஆட்டங்கள் என்றால் லோ செட்டிங்கும், சிறிய படத்தைப் பெரிதாக்கி வேகம் கூட்டும் எஃப்எஸ்ஆரும்தான்.

அடுத்து மாற்றப்போவது கார்டு மட்டும். பார்த்து வைத்திருப்பது 16 ஜிபி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. 160 வாட், இருக்கிற எஸ்எம்பிஎஸ் தாங்கும். ஆர்டிஎக்ஸ் 5060க்கு எட்டு லேன், 8 ஜிபி. 9060 எக்ஸ்டிக்குப் பதினாறு லேன் என்பதால் பழைய 3.0 போர்டிலும் பெரிதாக அடி வாங்காது. விலை இறங்கட்டும் என்று காத்திருக்கிறேன்.