பெயர்ச்சீட்டு இல்லாத ஏழு வருடம்

போன வாரம் வீட்டுக்கு வந்த நண்பன் தொட்டிகளையெல்லாம் ஒரு சுற்று பார்த்துவிட்டு, "நானும் செடி வளர்க்கலாம்னு இருக்கேன்டா, ஆன்லைன்ல வாங்கட்டுமா, இல்ல உன்னை மாதிரி அந்தச் சின்ன நர்சரிங்களுக்கே போகட்டுமா?" என்று கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் என் அடீனியம், பாலைவன ரோஜா என்பார்களே அது, பூத்திருந்தது. நான் வாங்கியது கறுப்புக்கு ஒரு படி குறைவான சிவப்பு, அடுக்கு இதழ். இரண்டு வருடம் முன் வாங்கும்போது அதில் ஒரு பூ இருந்தது, கண்ணால் பார்த்துத்தான் வாங்கினேன். இப்போது பூத்திருப்பதோ ஐந்தே இதழோடு சாதா இளஞ்சிவப்பு. அந்தக் கடுப்பில் "பேசாம ஆன்லைன்லயே வாங்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் போன பிறகுதான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோமோ என்று தோன்றியது. அதனால் இதை விரிவாகவே எழுதிவிடுகிறேன், அவனும் படிக்கட்டும்.

முதலில் ஒன்று, எல்லாம் விற்கும் பெரிய தோட்டக் கடைகளைப் பற்றி நான் பேசவில்லை. ஒருவரோ ஒரு குடும்பமோ நடத்துகிற, ஒரே வகைச் செடியை விடாப்பிடியாக வளர்க்கிற நர்சரிகளைச் சொல்கிறேன். ஒருவர் அடீனியம் மட்டும் வைத்திருப்பார், இன்னொருவர் ஆர்க்கிட் மட்டும், வேறொருவர் நிழல்வலைக்கு அடியில் மான்ஸ்டெரா, பிலோடெண்ட்ரான் என்று இலைச்செடிகளாக அடுக்கியிருப்பார். ஏழு வருடமாக இவர்களிடம்தான் வாங்குகிறேன். என்னிடம் இன்று உயிரோடு இருப்பவற்றில் முக்கால்வாசி அங்கிருந்து வந்தவை. செத்துப்போனவையும்தான், அதை விடுங்கள்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் பார்த்து அசந்துபோனது, செடியை வாங்குவதற்கு முன்பே தொட்டியிலிருந்து உருவிக் காட்டியதுதான். நான் கேட்கவில்லை. அடீனியம் மட்டும் வளர்க்கிற பெரியவர் ஒருவர், அவராகவே தொட்டியைச் சாய்த்து, பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து வெளியே எடுத்தார். வேர் வெள்ளையாக, விறைப்பாக, மண்ணைப் பிடித்துக்கொண்டு இருந்தது. பக்கத்தில் இருந்த இன்னொன்றை உருவினார், அதில் வேர் தொட்டியின் வடிவத்திலேயே சுருண்டு சுருண்டு ஓடியிருந்தது. "இதை அப்படியே வெச்சீங்கன்னா புதுத் தொட்டியிலயும் சுத்திக்கிட்டேதான் இருக்கும், விரலால பிரிச்சு விடணும்" என்றார். மூன்றாவதை உருவியதும் மண் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. "இன்னும் வேர் பிடிக்கல, அடுத்த மாசம் வாங்க" என்று திருப்பி வைத்துவிட்டார். எனக்குப் பிடித்திருந்தது அதுதான், கையில் பணத்தோடு நிற்கிறேன், தர மாட்டேன் என்கிறார். இதை எந்த இணையக் கடையில் எதிர்பார்ப்பது?

இன்னொரு இடத்தில் பிங்க் காங்கோ கேட்டேன். அப்போது எல்லோருடைய படங்களிலும் அந்த ரோஸ் நிற இலைதான். அந்த அம்மா சிரித்துவிட்டு, அது செடியின் சொந்த நிறமே இல்லை, வளர்க்கும் இடத்தில் ரசாயனம் கொடுத்து வரவைப்பது, ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் புது இலையெல்லாம் பச்சையாகிவிடும், அப்புறம் நீங்கள் என்னைத்தான் வந்து திட்டுவீர்கள் என்றார். வாங்கியபோது குட்டையாகப் புதர்போல் இருந்த செடி வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டிக்கொண்டு வளர்வது ஏன் என்பதையும் அவர்தான் சொன்னார். விற்பனைக்காக வளர்ச்சியைக் கட்டிப்போடும் மருந்து கொடுத்திருப்பார்கள், அதன் வேகம் தீர்ந்ததும் செடி தன் குணத்துக்குத் திரும்பிவிடும். மஞ்சள் விளிம்பு உள்ள ஸ்நேக் பிளான்டை இலை வெட்டி வைத்துப் பெருக்கினால் வருகிற கன்று வெறும் பச்சையாகத்தான் வரும், மஞ்சள் வேண்டும் என்றால் பக்கக்கன்றைக் கிழங்கோடு பிரிக்க வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். தொட்டிக்கு அடியில் போடக் கூழாங்கல் கேட்டபோது, கல்லை விற்கவே மறுத்தார். கல் போட்டால் நீர் நன்றாக வடியும் என்பது நம் நினைப்புதானாம். மேலே உள்ள மண் முழுக்க நனைந்து சொதசொதவென்று ஆகும் வரை நீர் கல்லுக்குள் இறங்காது, ஈரம் தேங்குகிற மட்டம்தான் மேலே ஏறி வேரைத் தொடும்.

இவ்வளவு தெரிந்தவர்கள். சரி, இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

இவர்களில் ஒருவர்கூடச் செடியில் பெயர் எழுதி வைப்பதில்லை.

எழுதினாலும் நிரந்தரம் என்று சொல்லி விற்கிற மார்க்கர் பேனாவில் எழுதுவார்கள். ஒரே கோடை, அவ்வளவுதான். வெள்ளைப் பிளாஸ்டிக் சீட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பேனா முனை அழுத்திய தடம் மட்டும் மங்கலாகத் தெரியும். முதல் எழுத்து 'டெ' என்று படிக்கலாம், 'பெ' என்றும் படிக்கலாம். இத்தனைக்கும் சாதாரணப் பென்சிலில் எழுதினால் வெயிலோ மழையோ ஒன்றும் செய்யாது, வருடக்கணக்கில் நிற்கும். 1753-லேயே லின்னேயஸ் என்ற தாவரவியலாளர் செடிகளுக்கு இரண்டே சொல்லில் பெயர் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார், நான் கேட்பதும் அந்த இரண்டு சொல்லைத்தான்.

பெயர் எதற்கு, செடி நன்றாக இருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு டெண்ட்ரோபியம் என்ற என் ஆர்க்கிட்டின் கதையைச் சொல்ல வேண்டும். பெயர் இல்லாமல் வாங்கினேன். டெண்ட்ரோபியத்தில் சில வகைகள் வருடம் முழுக்க நீரும் உரமும் கேட்கும். நோபிலி வகையோ குளிர்மாதங்களில் நீரைக் குறைத்துக் காயவிட்டால்தான் பூக்கும். எனக்கு எது என்று தெரியாது. எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக நடத்துகிற தகப்பன் மாதிரி நானும் விடாமல் நீர் ஊற்றினேன். இரண்டு வருடம் பூ வர வேண்டிய கணுவிலெல்லாம் குட்டிச்செடி வந்தது. இன்று என்னிடம் பூக்காத டெண்ட்ரோபியம் பதினொன்று இருக்கிறது. ஒரு சீட்டு இருந்திருந்தால் பூத்த டெண்ட்ரோபியம் ஒன்று இருந்திருக்கும்.

பெயர் தப்பாக இருப்பது இன்னொரு வகைத் தொல்லை. மான்ஸ்டெரா ஒப்ளிகுவா என்று பெருமையாகக் கொண்டுவந்தது மான்ஸ்டெராவிலேயே சாதாரணமாகக் கிடைக்கிற அடன்சோனி என்ற வகை என்று தெரிய எனக்கு ஆறு மாதம் ஆனது. உண்மையான ஒப்ளிகுவா அவ்வளவு சுலபமாகக் கண்ணில் படுகிற செடியே இல்லை. சான்சிவியேரியா (அதே ஸ்நேக் பிளான்ட்தான்) ஒன்றும் டிரசீனா ஒன்றும் தனித்தனியாக வாங்கி, இரண்டும் ஒரே செடி என்று தெரிந்து தலையில் அடித்துக்கொண்டேன். இந்தக் கடைசி விஷயத்தில் நர்சரிக்காரர்களைக் குறை சொல்ல முடியாது, தாவரவியலாளர்கள்தான் 2017-இல் அதைக் கொண்டுபோய் டிரசீனாவில் சேர்த்தார்கள். ஆனால் அன்றைக்கு இருந்த கோபத்தில் அவர்களையும் சேர்த்துத்தான் திட்டினேன்.

புலம்பிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, ஒரு காரியமும் செய்தேன். அடீனியம் பெரியவருக்கு நூறு பிளாஸ்டிக் சீட்டும் ஒரு பெட்டிப் பென்சிலும் வாங்கிக் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். அடுத்த முறை போனபோது சீட்டெல்லாம் சாய்கிற நாற்றுகளுக்கு முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தன, ஒரு எழுத்தில்லாமல். ஒரு பென்சில் மட்டும் அவர் காதில் இருந்தது, கணக்கு எழுத. "எனக்குத்தான் எல்லாம் தெரியுமே தம்பி" என்றார். அவருக்குத் தெரியும். நானூறு தொட்டிக்கு மேல் இருக்கும், பூவில்லாத குச்சியைப் பார்த்தே நிறம் சொல்வார். எனக்குத் தெரியாதே ஐயா!

குறை சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று, இவர்களிடமிருந்து பூச்சியும் வரும். வேரில் வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டியிருக்கிற மாவுப்பூச்சி மேலே ஒன்றுமே காட்டாது. புதுச்செடியை மூன்று வாரமாவது தனியே வையுங்கள். மண்ணில் மஞ்சள் உருண்டைகள் கிடந்தால் மட்டும் பதற வேண்டாம், அது முட்டையில்லை, மெதுவாகக் கரைகிற உரம். நான் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பொறுக்கி எறிந்திருக்கிறேன்.

இப்போது அந்த அடீனியம். நண்பன் போனதும் ஒரு முடிவோடு பெரியவருக்குப் போன் போட்டேன். ஏமாற்றிவிட்டீர்கள் என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. முழுதாகக் கேட்டுவிட்டு, "போன வருஷம் கவாத்து பண்ணீங்களா?" என்றார். பண்ணினேன். "எவ்வளவு கீழே?" நான் பதில் சொல்லவில்லை. அடர்நிறச் செடியின் துண்டை, விதையில் முளைத்த ஒரு சாதா அடீனியம் மேல் ஒட்டுக்கட்டி விற்கிறார்கள். ஒட்டுக்குக் கீழே வெட்டினால் மேலே இருந்த செடி குப்பைக்குப் போய்விடும், அடியில் இருக்கும் செடி துளிர்த்துத் தன் சொந்தப் பூவைப் பூக்கும். கிளை நன்றாகப் பரவட்டும் என்று நான்தான் தாராளமாகக் கத்தரியை இறக்கியிருந்தேன். வாங்கின அன்றே ஒட்டு இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டி "இதுக்குக் கீழே கை வைக்காதீங்க" என்று அவர் சொன்னதும் இப்போது ஞாபகம் வருகிறது. இருக்கட்டும், அதை ஒரு சீட்டில் எழுதித் தண்டில் கட்டியிருக்கலாம் இல்லையா? வாயால் சொன்னது இரண்டு வருடம் நிற்குமா?

ஆக, நண்பனுக்கு நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆரம்பிக்கிறவன் என்றால் பெயர் அச்சடித்து வருகிற இடத்தில் வாங்கு. இந்தச் சின்ன நர்சரிகளுக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் வேரை உருவிக் காட்டுவதற்காக மட்டும்.

போனை வைப்பதற்கு முன்னால் பெரியவர், செடியைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். அடித்தண்டு தடித்துவிட்டதாம், அதிலேயே இரண்டு ஒட்டுக் கட்டித் தருகிறாராம், காசு வேண்டாமாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். கையில் பென்சிலோடு, இந்த முறையாவது எழுதிவைத்துக்கொள்ளலாம் என்று அந்த வகையின் பெயரைக் கேட்டேன்.

"அதான் தம்பி, அந்தக் கறுப்பு" என்றார்.