ப்ரீகட் குவில்ட் துணியில் 164 டாலர் போயிற்று: வாங்க இருப்பவர்கள் கவனத்திற்கு

குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை) தைப்பதற்கென்று அளவாக வெட்டிக் கட்டி விற்கப்படும் ப்ரீகட் துணிகளை இணையத்தில் மலிவாக வாங்கலாம் என்று எண்ணியிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். விளம்பரத்தைப் பார்த்து நம்பி வாங்கியதில் நான் 164 டாலரை இழந்திருக்கிறேன். விற்றவர்களிடமிருந்து கடைசி பதில் நேற்று இரவுதான் வந்தது. அதைப் படித்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை என்றாலும், இதே விளம்பரம் இன்றும் பலருடைய கைபேசிகளில் ஓடிக்கொண்டிருப்பதால் உடனே எழுதுகிறேன்.

நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். இங்கே தையல் பழகிய பெரும்பாலானோரைப் போல நானும் துணிக்கு ஜோஆன் கடையைத்தான் நம்பியிருந்தேன். அந்த நிறுவனம் திவாலாகி, ஏறக்குறைய 800 கடைகளையும் 2025 மே மாத இறுதிக்குள் மூடிவிட்ட பிறகு, துணியைக் கையால் தொட்டுப் பார்த்து வாங்கும் வசதி எங்கள் பக்கத்தில் அரிதாகிவிட்டது. குவில்ட் துணி மட்டும் விற்கும் சிறு கடைகள் இருக்கின்றன; ஆனால் தொலைவு அதிகம். இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் "கடையை மூடுகிறோம், எல்லாம் பாதி விலை" என்று சொல்லும் போலி விற்பனைத் தளங்கள் முளைத்திருக்கின்றன என்பது இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

ப்ரீகட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். குவில்ட்டின் மேல்பகுதி பல சிறு துண்டுகளை இணைத்துத் தைப்பது. ஒவ்வொரு துண்டும் ஒரே அளவில் இருந்தால்தான் மூலைகள் சேரும். வெட்டும் வேலையைக் குறைப்பதற்காகத் துணி நிறுவனங்களே ஒரு தொகுப்பில் உள்ள எல்லா அச்சுகளிலிருந்தும் (துணியில் அச்சிட்ட பூ, இலை போன்ற வடிவமைப்புகள்) துண்டுகளை வெட்டிக் கட்டி விற்கின்றன. 2½ அங்குல அகலமுள்ள 40 பட்டைகளைச் சுருட்டிக் கட்டியது ஜெல்லி ரோல். இது மோடா நிறுவனம் வைத்த பெயர். 5 அங்குலச் சதுரங்கள் அடங்கியது சார்ம் பேக், 10 அங்குலச் சதுரங்கள் அடங்கியது லேயர் கேக்.

விலையைப் பார்த்தால் முதலில் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். நல்ல கடையில் ஒரு ஜெல்லி ரோல் 45 முதல் 55 டாலர் வரை ஆகிறது. 40 பட்டைகளையும் அகலவாக்கில் அடுக்கினால் 100 அங்குலம், அதாவது இரண்டே முக்கால் கெஜத்திற்குச் சற்று மேல். அதே தரத்துத் துணியைக் கெஜம் 13 டாலருக்கு வாங்கினால் 36 டாலரில் முடிந்துவிடும். ஆனால் அந்தக் கணக்கு பாதிதான் சரி. 40 விதமான அச்சுகள் வேண்டுமென்று ஒவ்வொன்றிலும் கால் கெஜம் வாங்கினால் 10 கெஜம் ஆகிவிடும்; அதற்கு 130 டாலர் வேண்டும், அத்தனையையும் நாமே உட்கார்ந்து வெட்டவும் வேண்டும். ஆகவே ப்ரீகட்டில் நாம் கொடுக்கும் கூடுதல் பணம் வெட்டின் துல்லியத்திற்கும் அச்சுகளின் வகைக்கும் உரியது. இந்த இரண்டும் இல்லையென்றால் அதை ப்ரீகட் என்று சொல்லவே கூடாது. எனக்கு வந்தவற்றில் இரண்டுமே இல்லை.

படங்களும் காணொளிகளும் பகிரும் ஒரு சமூக ஊடகத்தில்தான் அந்த விளம்பரம் வந்தது. கழுத்தில் அளவு நாடா தொங்க, துணிக்கட்டுகள் அடுக்கிய அலமாரிக்கு முன்னால் நரைத்த தலையுடன் ஒரு மூதாட்டி நின்றிருந்தார். பல ஆண்டுகளாக நடத்திய குவில்ட் கடையை முதுமையால் மூடுவதாகவும், மீதமிருக்கும் சரக்கு நல்லவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அம்மா விரும்புவதாகவும் மகள் எழுதியது போல ஒரு குறிப்பு இருந்தது. ஜெல்லி ரோல் 24 டாலர், லேயர் கேக் 26 டாலர். என் அக்கா மகளுக்குப் பிறக்கவிருக்கும் குழந்தைக்கு ஒரு குவில்ட்டும், அவளுடைய கட்டிலுக்கு ஒரு பெரிய குவில்ட்டும் தைக்கத் திட்டமிட்டிருந்ததால் நான்கு ரோல்களும் இரண்டு கேக்குகளும் தேவைப்பட்டன.

எடுத்த எடுப்பில் பணம் கட்டிவிடவில்லை. அந்தத் தளத்தின் அரட்டைப் பெட்டியில், துணி முழுக்கப் பருத்திதானா, பட்டைகள் முழுப் பன்னா நீளத்தில், அதாவது துணியின் முழு அகலத்திற்கும் வெட்டியவையாக, இருக்குமா என்று தெளிவாகக் கேட்டேன். சில நிமிடங்களில் பதில் வந்தது. நூறு சதவீதம் பருத்தி, முழுப் பன்னா, 42 அங்குலத்திற்குக் குறையாது என்று எழுதினார்கள். எதற்காகத் தைக்கிறீர்கள் என்று அவர்களே கேட்டார்கள். குழந்தைக்கு என்று சொன்னேன். சற்று நேரம் கழித்து, "அம்மாவிடம் சொன்னேன், மிகவும் மகிழ்ந்தார், குழந்தைக்கு அவருடைய அன்பளிப்பாக ஒரு சார்ம் பேக் சேர்த்து வைக்கச் சொல்கிறார்" என்று எழுதினார்கள். அந்த வரியைப் படித்த பிறகுதான் கார்டு எண்ணைத் தட்டினேன். துணிக்கு 148, அனுப்பும் செலவு 16, ஆக மொத்தம் 164 டாலர். பிறக்காத ஒரு குழந்தையின் பெயரைச் சொல்லி நம்பிக்கையை வாங்கிய அந்த ஒரு வரியை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

பொதி வருவதற்கு வெகுநாள் ஆயிற்று. சாம்பல் நிற பிளாஸ்டிக் உறை. உள்ளே ரசீது இல்லை, கடையின் பெயர் இல்லை, சொன்ன சார்ம் பேக் இல்லை. ரோல்களின் வெளிச்சுற்றில் இருந்த பட்டைகள் பார்வைக்கு அழகாகவே இருந்தன. நீலப் பூக்கள், மெல்லிய இலைகள். எங்கள் தையல் குழுவில் இருக்கும் மதுரைப் பெண் ஒருத்தியிடம் காணொளி அழைப்பில் காட்டினேன். அவள் ரோலைப் பார்த்ததுமே, "அக்கா, ரிப்பனை அவுத்து ஒரு பட்டையை முழுசா விரிங்க, ரெண்டு முனையிலயும் கரை இருக்கான்னு பாருங்க" என்றாள். தறியில் வரும் ஓரக்கரை முழுப் பன்னாவில் வெட்டிய பட்டையின் இரு முனைகளிலும் இருக்கும். நெருக்கமான நெசவுடன், சில சமயம் ஊசித் துளைகளுடன், வெள்ளையாகத் தெரியும். நான் விரித்த பட்டையில் ஒரு முனையிலும் கரை இல்லை. நாடாவை வைத்து அளந்தேன். நீளம் 19¾ அங்குலம், அகலம் 2⅜ அங்குலம். அதாவது 50 சென்டிமீட்டருக்கு 6 சென்டிமீட்டர். அங்குலக் கணக்கில் வெட்டப்பட்ட துணியே அல்ல அது.

எட்டில் ஒரு பங்கு அங்குலம்தானே குறைகிறது என்று தைத்துப் பழகாதவர்கள் கேட்கலாம். குவில்ட்டில் இருபுறமும் கால் அங்குலம் தையலுக்குப் போய்விடும். 2½ அங்குலப் பட்டை தைத்த பிறகு 2 அங்குலமாக நிற்கும். அந்தக் கணக்கில் 24 பட்டைகளை இணைத்தால் 48 அங்குலம் வர வேண்டும். எனக்கு வந்த பட்டைகளை இணைத்தால் 45 அங்குலம்தான் வரும். முறையான அளவில் வெட்டிய வேறு எந்தத் துணியோடும் சேர்த்து இவற்றைத் தைக்க முடியாது. 40 விதம் என்று சொன்னதும் பொய். பத்தே அச்சுகள், ஒவ்வொன்றும் நான்கு முறை. பரப்பளவைப் பெருக்கிப் பார்த்தேன்: ஒரு ரோலில் இருக்க வேண்டிய துணியில் பாதிகூட வரவில்லை. லேயர் கேக் சதுரங்களும் 10 அங்குலத்திற்குப் பதில் ஒன்பதரையில் நின்றன.

பருத்தியா என்பதையும் சோதித்தேன். பட்டையின் ஓரத்திலிருந்து நான்கைந்து நூல்களை உருவி, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் தீக்குச்சியைக் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் எரியும் மணத்துடன் எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகிவிடும். இவை சுருங்கி உருகி, கறுப்பாகக் கடுகளவு கட்டி தட்டி நின்றன. நகத்தால் நசுக்கினாலும் உடையவில்லை. பாலியெஸ்டர் கலப்பு. சிவப்புப் பட்டை ஒன்றைத் தண்ணீரில் போட்டதும் தம்ளர் முழுக்க இளஞ்சிவப்பாகிவிட்டது. ப்ரீகட் துணியைத் தைப்பதற்கு முன் துவைக்கவும் முடியாது. ஓரங்கள் பிரிந்து அளவு கெட்டுவிடும். எனவே குவில்ட்டைத் தைத்து முடித்து முதல்முறை துவைக்கும்போதுதான் இந்தச் சாயம் மற்ற துணிகளில் இறங்கியிருக்கும். பச்சைக் குழந்தையின் மேல் போர்த்துகிற துணி இது.

அளவு நாடாவை மேலே வைத்துப் படம் எடுத்து, உருகிய நூலையும் படம் எடுத்து, எல்லாவற்றையும் அனுப்பினேன். அதன் பிறகு நடந்தவைதான் அசல் அவமானம். முதல் பதிலில், "உங்களுக்குப் பிடிக்காததற்கு வருந்துகிறோம், துணியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், 15 சதவீதம் திருப்பித் தருகிறோம்" என்றார்கள். பிடிக்கவில்லை என்று நான் எங்கேயும் எழுதவில்லை. அளவு பொய், துணி பொய் என்றுதான் எழுதியிருந்தேன். மறுத்து எழுதியதும் 30 சதவீதம் என்றார்கள், அதாவது 49 டாலர் 20 சென்ட். 164 டாலரைக் கேட்பவருக்கு அதைப் பெரிய தயவு போலச் சொன்னார்கள். முழுத் தொகையும் வேண்டும் என்றேன். அப்படியானால் சீனாவில் உள்ள கிடங்கிற்கு என் செலவில் திருப்பி அனுப்ப வேண்டும், சரிபார்த்த பிறகு முடிவு சொல்வோம் என்றார்கள். அமெரிக்காவில் மூடப்படும் குடும்பக் கடைக்குச் சீனாவில் கிடங்கு எதற்கு என்று கேட்டேன், பதில் இல்லை. உங்கள் அம்மாவிடம் ஒரு நிமிடம் பேச வேண்டும் என்றேன், அதற்கும் பதில் இல்லை. அந்த மூதாட்டியின் படத்தை இணையத்தில் தேடியபோது, அதே முகம் மெழுகுவர்த்திக் கடையை மூடுபவராகவும் தோல்பைக் கடையை மூடுபவராகவும் வேறு வேறு பெயர்களில் வந்தது.

விளம்பரம் வந்த சமூக ஊடகத்தில் புகார் செய்தேன். விளம்பரம் எங்கள் விதிகளை மீறவில்லை என்று தானாக ஒரு பதில் வந்தது. பணம் சென்ற இடைநிலை நிறுவனம், பொதி சேர்ந்துவிட்டதற்கான சான்று இருப்பதால் தாங்கள் செய்ய ஒன்றுமில்லை என்றது. கார்டு கொடுத்த வங்கியில் பேசிய அலுவலர், பொருளைத் திருப்பி அனுப்ப முயன்றதற்குச் சான்று வேண்டும் என்கிறார். அனுப்பும் செலவே 164 டாலரில் பாதிக்கு மேல் ஆகும். இதைத் தெரிந்துகொண்டுதான் அந்த நிபந்தனையையே வைத்திருக்கிறார்கள். நேற்றிரவு வந்த கடைசிப் பதில், "இந்த உரையாடல் முடிக்கப்பட்டது" என்பது. எழுத்து மூலம் வங்கிக்குப் புகார் கொடுத்துவிட்டேன். முடிவு வரும்வரை 164 டாலர் அவர்களிடம்தான் இருக்கிறது.

ப்ரீகட் துணி விலைக்குத் தகுந்ததா என்று எங்கள் குழுவில் இனி யாராவது கேட்டால், முறையான நிறுவனத்தின் கட்டாக இருந்து, பல அச்சுகள் தேவைப்படும் வடிவமாகவும் இருந்தால் தகுந்ததுதான் என்று சொல்வேன். பட்டைகளை முனையோடு முனை இணைத்துத் தைக்கும் வேகமான வடிவத்தில் ஒரு ரோல் ஏறக்குறைய 50க்கு 64 அங்குல விரிப்பாகிவிடும். வெட்டும் வேலை அறவே இல்லை, 50 டாலருக்கு அது நியாயம். மூன்று நான்கு நிறங்களே போதும் என்ற வடிவத்திற்குக் கெஜக் கணக்கில் வாங்கி, சுழல் கத்தியால் நாமே வெட்டுவதுதான் சிக்கனம். பாதி விலை ப்ரீகட் என்று ஒன்று வந்தால், அதன் பக்கமே போக வேண்டாம்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. நிறுவனத்தின் பெயரும் தொகுப்பின் பெயரும் இல்லாமல் வெறும் ஜெல்லி ரோல் என்று விற்பவரிடம் வாங்காதீர்கள்; மற்ற நிறுவனங்கள் தங்கள் ரோல்களுக்கு வேறு பெயர்களைத்தான் வைத்திருக்கின்றன, ஹாஃப்மன் நிறுவனத்தின் பாலி பாப் போல. பட்டையின் அகலத்தை மட்டும் சொல்லி நீளத்தைச் சொல்லாத இடத்தில் நிறுத்திவிடுங்கள். வந்த அன்றே ஒரு பட்டையை முழுவதும் விரித்து அளந்து, கரையைப் பார்த்து, படம் எடுத்து வையுங்கள். கிரெடிட் கார்டைத் தவிர வேறு வழியில் பணம் கட்டாதீர்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள், அந்தக் கட்டணம் இடம்பெற்ற முதல் கார்டுக் கணக்கு அறிக்கை அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் வங்கிக்கு எழுத்து மூலம் புகார் தர வேண்டும், தொலைபேசியில் சொன்னது போதாது. அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்.டி.சி.யின் மோசடிப் புகார்த் தளத்திலும் பதிந்துவிடுங்கள். 15 சதவீதம், 30 சதவீதம் என்று அவர்கள் நீட்டும் எதற்கும் சம்மதம் என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பதிலையே பிறகு வங்கியிடம் காட்டிவிடுவார்கள்.