பின்பக்கம் காட்டாமல் விற்ற தகடு: ராணுவ பெல்ட் பக்கிள் சேகரிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பின்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பத் தயங்குகிறவரிடம் எந்தத் தகட்டையும் வாங்காதீர்கள். பழைய ராணுவ பெல்ட் பக்கிள்களையும் தகடுகளையும் 11 வருடமாகச் சேகரிக்கிறேன். இந்த விஷயம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஏமாந்தேன். அதனால்தான் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து (1861–65) வடபகுதிக் காலாட்படையின் நீள்வட்ட ‘யு.எஸ்.’ இடுப்பு பெல்ட் தகடு ஒன்று வேண்டும் என்று வெகு நாளாக ஆசை. மெல்லிய பித்தளைத் தகட்டை அச்சில் அடித்து, பின்னால் ஈயப்பற்று உருக்கி ஊற்றிச் செய்தது அது. ஏறத்தாழ 3.5 அங்குல நீளம், 2.2 அங்குல அகலம். இதில் ஒரு சங்கதி உண்டு. இதே முகம்தான் இடுப்பு பெல்ட்டிலும் இருக்கும், தோட்டாப் பெட்டியின் மூடியிலும் இருக்கும். முன்னால் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. திருப்பிப் பார்க்க வேண்டும். பெல்ட் தகடு என்றால் ஒரு ஓரத்தில் இரண்டு குமிழ்கள், எதிர் ஓரத்தில் ஒரு கொக்கி. பெட்டித் தகடு என்றால் தோலுக்குள் நுழைக்கக் கம்பியில் வளைத்த இரண்டு வளையங்கள். சேகரிப்பவர்கள் பெல்ட் தகட்டுக்குத்தான் கூடுதல் விலை தருவார்கள். என்னை ஏமாற்றியவருக்கு லாபம் வந்தது அந்த விலை வித்தியாசத்திலிருந்துதான்.

விற்றவர் நான்கு படங்கள் அனுப்பினார். மூன்றில் முன்பக்கம், பகல் வெளிச்சத்தில் பளிச்சென்று. நான்காவதில் பின்பக்கம், மங்கலாக, பாதியைக் கட்டைவிரல் மறைத்தபடி. இன்னொரு படம் கேட்டேன். வெளியூரில் இருக்கிறேன், வந்து அனுப்புகிறேன் என்றார். மறுநாளே, வேறொருவர் கேட்கிறார், இன்று மாலைக்குள் சொல்லுங்கள் என்று செய்தி. அவசரப்படுத்துகிறார் என்று புரிந்தது. ஆனாலும் பணத்தை அனுப்பிவிட்டேன். பல மாதமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம்.

தகடு வந்து சேர்ந்தது. முகத்தில் நல்ல கரும்பழுப்பு. எழுத்துகளின் மேட்டில் தேய்மானம், பள்ளங்களில் கருமை, எல்லாம் இருக்க வேண்டியபடியே இருந்தன. பின்பக்கத்தில் குமிழ்களும் கொக்கியும் அதனதன் இடத்தில் இருந்ததால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்துவிட்டேன். நான்கு வாரம் கழித்து ஒரு மாலை, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை எடுத்து நிதானமாகப் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

பழைய ஈயம் மங்கிய சாம்பல் நிறத்தில், ஆங்காங்கே வெள்ளை பூத்து, சின்னச் சின்ன நசுங்கல்களோடு இருக்கும். இதுவும் அப்படித்தான் இருந்தது, மூன்று இடங்களைத் தவிர. இரண்டு குமிழ்களின் அடியிலும் கொக்கியின் அடியிலும் ஒரு நெல் அகலத்துக்கு வளையமாக வேறொரு கருமை. அந்தக் கருமையில் தூரிகை இழுத்த கோடு தெரிந்தது. பஞ்சில் அசிட்டோன் (பூச்சைக் கரைக்கும் திரவம்) தொட்டு ஒற்றினேன். பஞ்சு கறுத்தது. அடியில் புதிதாகப் பற்றவைத்த ஈயம் வெள்ளிபோல் மின்னியது.

அதற்குப் பிறகுதான் நடுப்பகுதியைக் கவனித்தேன். பட்டாணி அளவில் இரண்டு இடங்கள் மட்டும் சுற்றியுள்ள ஈயத்தைவிட வழவழப்பாக இருந்தன. ஒரு சின்னக் காந்தத்தை நூலில் கட்டித் தகட்டுக்கு மேலே மெதுவாக நகர்த்தினேன். பித்தளையும் ஈயமும் காந்தத்தை இழுக்காது. அந்த இரண்டு இடங்களிலும் நூல் சாய்ந்து, காந்தம் ‘டக்’கென்று போய் ஒட்டிக்கொண்டது. உள்ளே இரும்புக் கம்பியின் அடிக்கட்டைகள். தோட்டாப் பெட்டித் தகட்டின் வளையங்களை அறுத்துவிட்டு, மேலே ஈயம் பூசி மறைத்து, ஓரங்களில் கொக்கியும் குமிழும் ஒட்டவைத்து பெல்ட் தகடாக்கியிருக்கிறார்கள்.

காந்தம் ஒட்டவில்லை என்பதால் மட்டும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பித்தளைக் கம்பியில் செய்த வளையங்களும் உண்டு. அதேபோல் கொக்கியே இரும்பாக இருந்தால் காந்தம் அங்கே ஒட்டத்தான் செய்யும். ஒன்றுமே இல்லாத வெறும் ஈயத்தில் ஒட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

முகம் அசல்தானே, விடுங்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். என்னால் விட முடியவில்லை. 160 வருடம் தாண்டி வந்த பொருள் அது. யாரோ ஒரு சிப்பாயின் தோட்டாப் பெட்டியில் இருந்த தகடு. பெட்டித் தகடாகவே அதை விற்றிருந்தால் மகிழ்ச்சியாக வாங்கியிருப்பேன். கூடுதல் காசுக்காக வளையங்களை அறுத்துவிட்டார்கள். இனி அது பெல்ட் தகடும் இல்லை, பெட்டித் தகடும் இல்லை.

கூடவே பழுப்பேறிய ஒரு சீட்டும் வந்தது. கெட்டிஸ்பர்க்கில் மண்ணிலிருந்து எடுத்தது என்று கையால் எழுதியிருந்தது. என்னை மயக்கியதில் இந்தச் சீட்டுக்கும் பங்கு உண்டு. அதே உள்நாட்டுப் போரில் பெரும் சண்டை நடந்த கெட்டிஸ்பர்க் போர்க்களம் இன்று தேசியப் பூங்கா. அங்கே தோண்டி எடுப்பது குற்றம். கூட்டாட்சி அரசின் நிலங்களில் தொல்பொருள் தோண்டுவதற்கு எதிராக 1979-இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். தனியார் நிலத்தில் கிடைத்ததாகவோ பழைய சேகரிப்பிலிருந்து வந்ததாகவோ இருக்கலாம். அப்படியானால் யாருடைய நிலம், யாருடைய சேகரிப்பு என்று சொல்லத் தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், பல காலம் மண்ணில் கிடந்த பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும், ஈயம் வெளுக்கும், இரும்பு துருப்பிடித்து உப்பும். என்னிடம் வந்ததோ வீட்டுக்குள் பத்திரமாக இருந்த பொருளின் கரும்பழுப்பு. சீட்டு ஒன்று சொன்னது, தகடு வேறொன்று சொன்னது. இரண்டையும் ஒன்றாகக் கையில் வைத்திருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

காகிதத்தை நம்பிக் கெட்ட கதை இந்த உலகத்தில் புதிதல்ல. டிஃபனி என்ற அமெரிக்க நகை நிறுவனத்தின் பெயர் பொறித்த ‘பழைய மேற்கு’ (பழைய மேற்கு அமெரிக்கா) பக்கிள்கள் என்று ஒரு கூட்டம் போலிகள் ஒரு காலத்தில் சந்தைக்கு வந்தன. அவை அசல் என்று காட்டுவதற்காகவே ஒரு முழுப் புத்தகத்தையும் பொய்யாகத் தயாரித்தார்கள். புத்தகத்தையே உருவாக்கத் துணிந்தவர்கள் உண்டென்றால், ஒரு சீட்டை எழுதுவது எம்மாத்திரம்?

எனக்கு இதை விற்ற அதே ஆளிடம் முன்பு வாங்கிய, பிரிட்டிஷ் சிப்பாய்கள் தோளில் குறுக்காக அணிந்த பெல்ட்டின் தகட்டையும் எடுத்துப் பார்த்தேன். 1855-இல் வழக்கொழிந்த வகை. வார்ப்பு என்பதாலேயே போலி என்று சொல்ல முடியாது. சாதாரண சிப்பாய்களுக்கு வார்த்த தகடுகளும் இருந்தன. ஆனால் நம்பகமான சேகரிப்பில் உள்ள அதே படைப்பிரிவின் தகட்டோடு வெர்னியர் அளவுகோலில் அளந்து ஒப்பிட்டால், என்னுடையது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சிறியது. அதில் உள்ள படைப்பிரிவு எண்ணின் விளிம்புகளும் மழுங்கியிருந்தன. அசலின் மேல் அச்சு எடுத்து வார்த்தால், உலோகம் ஆறும்போது சுருங்கி நகல் சிறியதாகத்தான் வரும்.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை என்றார் முதலில். பிறகு, ஏழு நாளைக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்றார். கடைசியில், அசிட்டோன் போட்டு நீங்கள்தான் பொருளைக் கெடுத்தீர்கள், பணம் திரும்ப வராது என்றார். அவர் தந்த ‘அசல்’ சான்றிதழில் இருந்த கையெழுத்தும் கெட்டிஸ்பர்க் சீட்டின் எழுத்தும் ஒரே கையினுடையவை என்று காட்டிக் கேட்டேன். அத்தோடு என் எண்ணைத் தடை செய்துவிட்டார். பணம் செலுத்திய நிறுவனத்திடம் புகார் கொடுத்தேன். காலக்கெடு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. நான்கு வாரம் பெட்டியில் பூட்டி வைத்ததற்குக் கொடுத்த விலை அது. பொருள் கைக்கு வந்த அன்றே சோதியுங்கள். எதையும் தொடுவதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார். போன வாரமும் ஒரு நீள்வட்டத் தகடு போட்டிருந்தார்: முன்பக்கம் மூன்று படம், பின்பக்கம் ஒன்று, பாதியில் கட்டைவிரல். அப்படிப்பட்ட படத்தைப் பார்த்து வாங்கியவர்கள் யாராவது இருந்தால், தகட்டைத் திருப்பி நடுவில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எனக்கு எழுதுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்தால் மறுபடி புகார் கொடுக்கலாம். என் படங்கள் எல்லாம் தேதியோடு தயாராக இருக்கின்றன.