பழைய கணினியிலிருந்து புதியதற்கு: கையால் சுமப்பதா, கருவியிடம் விடுவதா?

ஒன்பது ஆண்டுகள் உழைத்த கணினிக்குச் சில மாதங்களுக்கு முன்பு ஓய்வு கொடுத்தேன். பழுது ஒன்றும் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. என் பழைய கணினியின் செயலியோ (பிராசஸர்) விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை. புதியதைத் தேர்ந்தெடுக்க ஒரு நாள்தான் ஆயிற்று. பழையதில் இருந்த 310 ஜிபியை எப்படிக் கொண்டுபோவது என்று முடிவு செய்ய ஒரு வாரம் பிடித்தது. கடைசியில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் கையால் நகலெடுத்துத்தான் மாற்றினேன். சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பழைய டிஸ்க்கை விண்டோஸ் உட்பட அச்சு அசலாக நகலெடுத்து, அதாவது குளோன் செய்து, புதிய கணினியில் இறக்குவதை நான் கருதவே இல்லை. ஒரே கணினியில் டிஸ்க்கை மட்டும் மாற்றுகிறவர்களுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. கணினியே மாறும்போது பழைய வன்பொருளை இயக்கும் டிரைவர்கள், பழைய தாய்ப்பலகையோடு பிணைந்த விண்டோஸ் உரிமம் என்று தொல்லைகள் கூடவே வரும். டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் எம்பிஆர் என்ற பழைய முறையில் அது பிரிக்கப்பட்டிருந்தால், யூஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறை கொண்ட இன்றைய கணினிகள் பல அதிலிருந்து துவங்கவே மறுக்கும்.

இணையச் சேமிப்பில் ஏற்றி இறக்கும் கிளவுட் வழி வசதியானதுதான், கோப்புகள் கொஞ்சமாக இருந்தால். இலவசமாக ஒன்டிரைவ் 5 ஜிபி தருகிறது, கூகுள் டிரைவ் 15 ஜிபி தருகிறது. பணம் கட்டி இடம் வாங்கினாலும், நொடிக்கு 20 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் 310 ஜிபியை மேலே அனுப்பவே ஏறத்தாழ ஒன்றரை நாள் ஆகும்; பிறகு இறக்க வேண்டும். இதே அளவை மிகப் பழைய யூஎஸ்பி 2.0 துளை வழியாக எடுத்தால்கூட மூன்று மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். பொடிக் கோப்புகள் நிறைய இருந்தால் இன்னும் நீளும் என்பது உண்மை.

மாற்றித் தரும் மென்பொருள்களே உண்மையான போட்டி. விண்டோஸ் 7-இல் ஈஸி டிரான்ஸ்ஃபர் என்ற கருவி கூடவே வந்தது. விண்டோஸ் 10-இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது பணம் கொடுத்து வாங்கும் கருவிகள் கோப்புகளோடு நிறுவிய மென்பொருள்களையும் அமைப்புகளையும் சேர்த்தே கொண்டுவருகின்றன. இருபது முப்பது மென்பொருள்களை நம்பிப் பிழைப்பவருக்கு அது பெரிய உதவி. ஆப்பிளின் மேக் கணினியோடு வரும் மைக்ரேஷன் அசிஸ்டென்ட் என்ற மாற்றுக் கருவியை ஒரு முறை, வேறொருவருக்காக, பயன்படுத்தியிருக்கிறேன். சொன்ன வேலையைச் செய்தது. அந்த ஒரு முறையை வைத்து அதற்கு மேல் பேசுவது நியாயமில்லை.

பிறகு ஏன் கையால்? எல்லாம் வந்து சேர்ந்ததா என்று நானே எண்ணிப் பார்க்க முடிகிறது என்பதற்காக. மற்ற எல்லாவற்றையும் இந்த ஒன்றுக்காக விட்டுக்கொடுப்பேன்.

சூடு பட்ட கதை ஒன்று உண்டு. முந்தைய கணினி மாற்றத்தில் ஆவணங்கள், படங்கள், பதிவிறக்கங்கள், முகப்புத் திரை ஆகிய நான்கு கோப்புறைகளையும் இழுத்துப் போட்டுவிட்டுப் பழைய டிஸ்க்கை அன்று இரவே துடைத்தேன். மறுநாள் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளைத் திறந்தால், கணினியிலேயே சேமித்து வைத்திருந்த ஆறு ஆண்டு மின்னஞ்சல்களைக் காணோம். அவை ஆப்டேட்டா என்ற மறைந்த கோப்புறைக்குள் இருந்தன. மறைந்திருக்கிறதே என்று நான் தேடவில்லை. தேடாததால் அது இருப்பதே தெரியவில்லை.

இந்த முறை பயனர் கோப்புறையை முழுதாக எடுத்தேன், மறைந்தவற்றையும் சேர்த்து. நகலெடுத்த பிறகு இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்தால் புதியதில் ஆறு கோப்புகள் குறைந்தன. ஆறும் நான் சேமித்து வைத்திருந்த தமிழ்க் கட்டுரைகள். தலைப்பையே கோப்பின் பெயராக வைத்திருந்தேன். விண்டோஸ் கோப்புப் பாதையின் நீளத்துக்கு வழக்கமான வரம்பு 260 எழுத்துகள். அதன் கணக்கில் ‘கொ’ ஓர் எழுத்தல்ல, இரண்டு. ‘க்’ என்பதும் இரண்டு. பழைய கணினியில் மயிரிழையில் தப்பியிருந்த பெயர்கள், ‘பழையவை’ என்ற புதுக் கோப்புறைக்குள் நுழைந்ததும் வரம்பைத் தாண்டிவிட்டன. இழுத்துப் போடும்போது ஏதோ ஒரு கேள்விக்குத் ‘தவிர்’ என்று நானே அழுத்தியிருக்க வேண்டும். விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற கட்டளைக்கு இந்த நீளத் தொல்லை இல்லை. எதை எடுத்தது, எதில் தோற்றது என்று பதிவும் எழுதி வைக்கும். அதை வைத்து மீண்டும் ஓட்டியதில் ஆறும் வந்தன. தானியங்கிக் கருவி ‘முடிந்தது’ என்று பச்சைக் குறி காட்டியிருந்தால் நான் எண்ணியிருக்க மாட்டேன்.

கையால் செய்வதில் அலுப்பு இல்லாமல் இல்லை. மென்பொருள்களை ஒவ்வொன்றாக மீண்டும் நிறுவ ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கடவுச்சொற்கள் தனி விவகாரம். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி நம் அமைப்புகளைச் சேமிக்கும் புரொஃபைல் கோப்புறையை நகலெடுத்தால் அவையும் கூடவே வந்துவிடும். குரோம் அப்படியல்ல: பழைய கணினியில் இருந்த பயனர் கணக்கின் சாவியால் பூட்டி வைத்திருப்பதால், கோப்புறையை மட்டும் தூக்கிவந்து பயனில்லை. கணக்கில் நுழைந்து ஒத்திசைக்க வேண்டும், அல்லது பட்டியலாக ஏற்றுமதி செய்து, வேலை முடிந்த கையோடு அந்தப் பட்டியலை அழிக்க வேண்டும். அதில் எல்லாம் பூட்டின்றி, படிக்கும்படியே இருக்கும்.

பழைய டிஸ்க்கை இந்த முறை துடைக்கவில்லை. கழற்றி ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அதைப் பூட்டியிருக்கும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியின் 48 இலக்க மீட்புச் சாவியையும் ஒரு தாளில் எழுதி, வேறோர் இடத்தில். இரண்டு மாதம் கழித்து ஒரு பழைய கட்டுரையைத் திறந்தபோது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் திரை நிறைந்தது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு நான் மாறும் முன் பாமினி எழுத்துருவில் தட்டியது அது; அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். எழுத்துரு பயனர் கோப்புறையில் இல்லை, விண்டோஸ் கோப்புறையில் இருந்திருக்கிறது. என் எண்ணிக்கையில் அது வரவே இல்லை. குளோன் செய்திருந்தால் வந்திருக்கும். டிஸ்க்கை உறையிலிருந்து எடுத்து, 48 இலக்கங்களையும் தட்டி, அந்த ஒரு கோப்பைக் கொண்டுவந்தேன்.