அவரைக்குக் கயிறு, பட்டாணிக்கு மிளாறு

ஆடியில் ஊன்றிய கொடி அவரை, ஆவணி முடிவதற்குள் கொழுகொம்பு தேடித் தலையை ஆட்டத் தொடங்கிவிடும். எட்டும் தூரத்தில் துணி காயப்போடும் கொடி இருந்தால் கொடியைக் கொடி பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் கேபிள் கம்பிதான். சென்னை கொளத்தூரில் எங்கள் மொட்டைமாடியில் 2014 முதல் அவரை போட்டுவருகிறேன். மார்கழிக் குளிரை நம்பி மண் நிரப்பிய சில பைகளில் பட்டாணியும் உண்டு. வலை, பந்தல், மூங்கில், கயிறு, மிளாறு (கிளைத்த மெல்லிய குச்சி) என்று ஐந்திலும் ஏற்றிப் பார்த்தாகிவிட்டது.

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் முதலில் கேட்பது, பாரம் தாங்குமா என்பதைத்தான். கொடிக்குக் காய் பாரமா என்று பழமொழியே இருக்கிறது. கொழுகொம்புக்கும் அவரைக்காய் ஒரு பாரமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் காற்று வந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தால் எனக்கு இரண்டு ஆண்டு விளைச்சல் மிஞ்சியிருக்கும். ஆடிப்பட்டத்து அவரை முழு இலையோடு மதர்த்து நிற்பதும், வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாவதும் ஒரே பருவத்தில். நாட்டு அவரை பகல் பொழுது குறுகினால்தான் பூக்கும் என்பதால், முன்கூட்டியே ஊன்றிப் புயலுக்கு முன் பறித்துவிடலாம் என்ற தந்திரமும் செல்லாது.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். அவரை தன் தண்டாலேயே சுற்றிக்கொண்டு ஏறும். கட்டைவிரல் பருமன் கம்பானாலும், அதைவிடத் தடித்த சவுக்கானாலும் அதற்குக் கவலையில்லை. பட்டாணிக்கு இலை நுனியில் இருக்கும் பற்றுக்கம்பிகள்தான் கை. பென்சிலைவிடத் தடித்த எதையும் அந்தக் கையால் வளைத்துப் பிடிக்க முடியாது. இது தெரியாமல் முதல் ஆண்டு பட்டாணிக்கு மூங்கில் நட்டேன். கொடிகள் மூங்கிலை விட்டுவிட்டு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, மொத்தமாகச் சாய்ந்து தரையில் படுத்துவிட்டன.

வலையிலிருந்து தொடங்குகிறேன், கடையில் முதலில் கையில் திணிப்பது அதைத்தான். விலை குறைவு, பத்து நிமிடத்தில் கட்டிவிடலாம், படம் எடுத்தால் அழகாக இருக்கும். இரண்டு குழாய்களுக்கு நடுவே 6 அடிக்கு 10 அடி வலையைக் கட்டி அவரையை ஏற்றினேன். “மீன் பிடிக்கவா தம்பி?” என்று கீழ்வீட்டுப் பாட்டி கேட்டார். அவர் கேலிக்குத்தான் கேட்டார். ஆனால் வலை முழுக்க இலை மூடியதும் அது வலையாகவும் இல்லை, கப்பல் பாய் ஆகிவிட்டது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது குழாய், வலை, கொடி எல்லாம் ஒன்றாகச் சாய்ந்து, மூன்று பைகளையும் இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டியில் மோதி நின்றன. எல்லாக் கொடியும் அடித்தண்டில் ஒடிந்திருந்தது.

நகரத்தில் மரங்களே வேரோடு சாய்ந்த நாளில் ஒரு வலையைக் குறை சொல்வது நியாயமா என்று கேட்கலாம். அன்று பிழைத்த ஒரே ஒரு அவரைதான் அதற்குப் பதில். வலையில் இடம் இல்லாமல் துணிக்கொடியைப் பிடித்து ஏறியிருந்தது அது. கயிறு அறுந்து கொடி தரையில் விழுந்துவிட்டது. இலைகள் கந்தலாகிவிட்டன, ஆனால் தண்டு ஒடியவில்லை, வேர் அசையவில்லை. அப்படியே தூக்கி வேறு கயிற்றில் கட்டினேன். தை கடைசியில் காய்த்தது. அதன் பிறகுதான் கயிற்றுப் பக்கம் என் கவனம் திரும்பியது.

வலையின் மற்றக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அவரைப் பூங்கொத்தில் கறுப்பு அசுவினிப் பூச்சி அப்பும் என்பது போட்டவர்களுக்குத் தெரியும். ஆரம்பத்திலேயே தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் பாதி போய்விடும்; ஆனால் வலையில் இலைமேல் இலையாக அடர்ந்துவிட்ட இடத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. பருவம் முடிந்து காய்ந்த தண்டை வலைக் கண்ணிலிருந்து பிய்த்தெடுப்பது தனி வேலை. பிளாஸ்டிக் வலை இரண்டு மூன்று கோடை வெயில் பட்டதும் தொட்டால் நொறுங்கி மண்ணில் விழும். நண்பர் ஒருவர் காசிமேட்டிலிருந்து பழைய மீன்வலை கொண்டுவந்து கொடுத்தார். கண் மிகச் சிறியது. ஒரு காலையில் அதில் அணில் சிக்கிக்கொண்டு துடித்தது. கத்தரிக்கோலால் வெட்டி விடுவித்தேன். மீன்வலையை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

பந்தலைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. பீர்க்கு, புடலை, பாகல் போன்று எடையால் கீழே தொங்கும் காய்களுக்கு அதை மிஞ்ச எதுவுமில்லை. அவரையின் பூங்கொத்தோ இலைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். 6 அடிப் பந்தலில் ஏற்றினால் காயெல்லாம் வானத்தைப் பார்த்திருக்கும். பறிக்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். மொட்டைமாடியில், கைப்பிடிச்சுவர் ஓரத்தில், ஸ்டூல் மீது நிற்பதை என் மனைவி ஒருமுறை பார்த்தார். பந்தல் கதை அத்துடன் முடிந்தது.

மூன்று மூங்கில்களைக் கூடாரம் போலச் சாய்த்து உச்சியில் கட்டும் முறை தரையில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நல்லது. ஒன்றரை அடி ஆழத்துக்கு ஊன்றினால் சாதாரணக் காற்றுக்கு அசையாது. சவுக்குக் கம்பு இன்னும் உறுதி. ஆனால் பைக்குள் இருக்கும் மண்ணில் ஓர் அடிகூட இறங்காது. கூடாரத்தின் உச்சியில் எல்லாக் கொடியும் ஒன்றுகூடிப் பந்துபோலச் சுருண்டு, தலைக்கனம் ஏறிவிடும்.

இனி கயிறு. இரண்டு 20 லிட்டர் பெயிண்ட் வாளிகளில் 7 அடிக் குழாயை நிறுத்திக் கான்கிரீட் ஊற்றினேன். ஒரு வாளி 45 கிலோவுக்குக் குறையாது. தளத்தில் துளை போட வேண்டாம் என்பதே பெரிய நிம்மதி; மாடித் தளத்தில் போட்ட துளை மழைக்காலத்தில் கீழ்வீட்டுக் கூரையில் கையெழுத்துப் போடும். மேலே ஒரு குறுக்குக் குழாய். அதிலிருந்து கொடிக்கு ஒன்றாகத் தேங்காய்நார்க் கயிறு. அடிமுனையைத் தண்டில் கட்டாமல், பை ஓரத்தில் செருகிய முளைக்குச்சியில் கட்ட வேண்டும். மேல்முனையில் நான்கைந்து அடி கயிற்றைக் கூடுதலாகச் சுருட்டிவைத்து, இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போட வேண்டும். முறையின் உயிர் அந்த முடிச்சில்தான் இருக்கிறது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது நினைவிருக்கும். எச்சரிக்கை வந்ததும் 2 ஆம் தேதி மாலையே முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, கொடிகளைக் கயிற்றோடு மெல்ல இறக்கிக் கைப்பிடிச்சுவர் ஓரமாகப் படுக்க வைத்தேன். எட்டுக் கொடிக்கும் அரை மணி நேரம். குழாய்ச் சட்டம் வெறுமையாக நின்றது. காற்றுக்குப் பிடிக்க எதுவும் இல்லை. மழை விட்டுத் தெருவில் தண்ணீர் வடிந்த பிறகு மறுபடி ஏற்றினேன். இரண்டு கொடிகளில் நுனி அழுகியிருந்தது. மற்றவை பொங்கல் கூட்டுக்குக் காய் கொடுத்தன.

கயிறு வகையிலும் வித்தியாசம் உண்டு. நைலான் வழுக்கும், இளங்கொடி சறுக்கிக் கீழே வந்து குவியும். சணல் நன்றாகப் பிடிக்கும், ஆனால் வடகிழக்குப் பருவமழையில் ஊறி ஊறிக் கார்த்திகையிலேயே இற்றுவிடும். தேங்காய்நார் சொரசொரப்பாகவும் இருக்கிறது, ஈரத்தையும் தாங்குகிறது. பருவம் முடிந்ததும் கொடியோடு அறுத்து உரக்குழியில் போட்டுவிடலாம். கட்டுக்கம்பி வேண்டாம். இரும்பு சுட்டுக் கொடி கருகும் என்று பயமுறுத்துவார்கள். அவரைப் பருவத்தில் அந்த வெயில் இல்லை. கடற்காற்றில் துரு ஏறி அறுந்துவிழும் என்பதுதான் நிஜமான சிக்கல்.

கயிற்றின் குறையை மறைக்கவில்லை. வாரம் ஒருநாள் கொடிகளைக் கவனிக்க வேண்டும். பக்கக் கிளைகள் அடுத்த கயிற்றுக்குத் தாவி முடிச்சுப் போட்டுக்கொள்ளும். பிரித்துவிடாமல் ஒரு மாதம் ஊருக்குப் போய்வந்தால் கயிறுகளெல்லாம் சேர்ந்து வலையாகிவிடும். அப்படிப் போகிறவர்கள் வலையே கட்டிக்கொள்ளலாம்.

பட்டாணிக்கு வருவோம். நீலகிரியில் விளைவதுபோல் இங்கே விளையாது. வெயில் ஏறினால் பூ உதிரும். மழை ஓய்ந்து கார்த்திகைக் கடைசியில் ஊன்றினால் மாசி வெயிலுக்குள் ஒரு குருமாவுக்குத் தேறும். அர்க்கல் போன்ற குட்டை ரகத்துக்குப் பெரிதாக எதுவும் தேவையில்லை. நான்கடி வளரும் ரகத்துக்கு வலையும் சரிதான். கைப்பிடிச்சுவருக்கு மேல் அதிகம் எழாததால் காற்று அதை அசைக்காது. இருந்தாலும் என் கட்சி மிளாறுதான். கிளைத்த மெல்லிய குச்சிகளைப் பையைச் சுற்றிச் செருகினால் பற்றுக்கம்பிக்குப் பிடிக்க நூறு இடம் கிடைக்கும். காய்ந்த பிறகு குச்சியும் கொடியுமாக அள்ளிப் போட்டுவிடலாம். விதை ஊன்றும்போதே செருக வேண்டும்; செடி வளர்ந்தபின் குத்தினால் வேர் அறுபடும்.

கிராமத்தில் இதற்குத் துவரை மிளாறு கிடைக்கும். எங்கள் தெருவில் மழைக்கு முன் மின்கம்பியில் உரசும் வேப்பங்கிளைகளை வெட்டி மூலையில் குவித்துவிட்டுப் போவார்கள். குப்பை வண்டி வருவதற்குள் ஒரு கட்டு எடுத்து, இலையை உருவி, பத்து நாள் காயவைத்தால் போதும். முருங்கைக் கிளையை மட்டும் தொடாதீர்கள். ஒருமுறை செருகினேன், பட்டாணி முளைப்பதற்கு முன் அது துளிர்த்துவிட்டது.