பென்சிங் ஷூவுக்கு மாற்று எது? பேட்மிண்டன், டென்னிஸ், வாலிபால் ஷூக்கள் ஓர் ஒப்பீடு

வாள்வீச்சு (பென்சிங்) பயிற்சியில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு வாளும் முகக்கவசமும் முதல் சில மாதம் பயிற்சிக் கூடத்திலேயே இரவல் கிடைத்துவிடும். ஷூ அப்படியல்ல, முதல் நாளே சொந்தமாக வேண்டும். பென்சிங்குக்கென்றே செய்த ஷூவை நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ காலில் போட்டுப் பார்த்து வாங்குவது கடினம். வெளியிலிருந்து வரவழைத்தால் நல்ல ஜோடி பத்தாயிரம் ரூபாயை நெருங்கும். வளர்கிற காலுக்கு அது அடுத்த வருஷம் சேராது. அதனால் பக்கத்துக் கடையில் கிடைப்பதில் எது பொருந்தும் என்று பார்ப்பதுதான் புத்தி.

முதலில் கால் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். லஞ்ச் (முன்காலை எட்டி வைத்துத் தாக்கும் அடி) பாயும்போது முன்காலின் குதிகால் ஓங்கித் தரையில் விழுந்து, பாதம் உருண்டு படிகிறது. பின்கால் தரையோடு இழுபடுகிறது, அதுவும் பெருவிரலின் உள்பக்கம் உரசியபடி. வலக்கைக்காரருக்கு இழுபடுவது இடது ஷூ, இடக்கைக்காரருக்கு வலது. ஆக, முன்காலுக்குக் குதிகாலில் மெத்தை, பின்காலுக்கு உள்பக்கம் உறுதி, இரண்டுக்கும் தரையோடு ஒட்டிய தாழ்ந்த அடி வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் ரன்னிங் ஷூவைத்தான் பலரும் முதலில் எடுத்துப் போடுகிறார்கள். இதை மட்டும் வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறோம். அது நேராக ஓடுவதற்குச் செய்தது. குதிகால் பக்கம் உயரமாக, மெத்தென்று, வெளியே விரிந்து இருக்கும். லஞ்ச் சற்றுக் கோணலாக விழுந்தால் அந்த விரிந்த ஓரம் முதலில் தரையில் முட்டி, கணுக்கால் வெளிப்பக்கம் மடங்கிவிடும். பின்காலில் மெல்லிய வலைத்துணி சில வாரத்திலேயே கிழியும்.

பேட்மிண்டன் ஷூதான் பென்சிங் ஷூவுக்கு மிக நெருங்கிய சொந்தம். வலைக்கு அருகே விழும் இறகுப்பந்தை எடுக்கப் பாயும் அடியும் லஞ்ச்தான்: முன்குதிகால் விழுகிறது, பின்கால் பெருவிரல் இழுபடுகிறது. அதனால் நல்ல பேட்மிண்டன் ஷூவில் பெருவிரலின் உள்பக்கம் கெட்டியான பூச்சோ ரப்பரோ இருக்கும், குதிகாலின் பின்விளிம்பு உருட்டிவிட்டாற்போல வளைந்திருக்கும். வாங்கும்போது இந்த இரண்டையும் தடவிப் பாருங்கள். அடிப்பாகம் தரையைப் பிடிக்கும் மென்மையான கம் (gum) ரப்பர். குலசேகரம் பக்கம் புகையில் காய்ந்த ரப்பர் ஷீட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தத் தேன் நிறம் உடனே தெரியும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. கட்டைவிரலை அழுத்தித் தேய்த்தால் விரல் பிடித்து நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் பயனில்லை. இரண்டாயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய்க்குள் உருப்படியான ஜோடி கிடைக்கும்.

இதன் பலவீனம் சிமெண்ட் தரை. மரத்தரையிலும் சிந்தெடிக் விரிப்பிலும் அருமையாகப் பிடிக்கும் கம் ரப்பர், சொரசொரப்பான சிமெண்டில் அழிரப்பர் மாதிரி தேய்ந்துபோகும். உங்கள் பயிற்சி பள்ளி மண்டபத்தின் சிமெண்ட் தரையில் நடக்கிறது என்றால் டென்னிஸ் ஷூ வாங்குங்கள். ஹார்டு கோர்ட்டுக்கான அதன் கடின ரப்பர் சிமெண்டைத் தாங்கும், விரல் பக்கக் காப்பும் தடிமனாக இருக்கும். கனம் அதிகம் என்பதுதான் குறை. ஒன்றரை மணி நேரம் முன்னும் பின்னும் அடி வைத்த பிறகு அந்தக் கனம் தொடையில் தெரியும். தமிழக வீராங்கனை பவானி தேவி ஆடும் சேபர் என்ற வாள் வகை போல வெடித்துப் பாயும் ஆட்டத்துக்கு இது உறுத்தும். தொடக்க நிலைக்குப் பரவாயில்லை.

வாலிபால் ஷூவில் முன்பாதத்து மெத்தை அதிகம். முன்பாதத்தில் துள்ளித் துள்ளி ஆடும், எப்பீ என்ற இன்னொரு வாள் வகை ஆட்டக்காரருக்கு அது ஒரு வரம். எப்பீயில் பாதமும் இலக்கு என்பதை மறக்கக் கூடாது. 750 கிராம் அழுத்தத்தில் பதிவாகும் வாள்முனை விரல் மேல் குத்தும்போது வெறும் வலைத்துணி காக்காது. மேல்பக்கம் கெட்டியாக மூடிய மாதிரியைப் பாருங்கள். விரல் உள்பக்கக் காப்பு பெரும்பாலும் இருக்காது. அதற்கு வழி: செருப்பு தைப்பவரிடம் கொடுத்து, பின்கால் ஷூவில் மட்டும், அடிவிளிம்பிலிருந்து மேலே 3 செ.மீ. உயரம், 5 செ.மீ. நீளத்துக்குத் தோல் துண்டு ஒட்டித் தைத்துக்கொள்ளலாம். கிழிந்த பிறகல்ல, புதிதாக இருக்கும்போதே.

கபடி ஷூ, மல்யுத்த ஷூ, பள்ளிக்கூடத்து வெள்ளைக் கேன்வாஸ் எல்லாம் தட்டையானவை, லேசானவை, பிடிப்பும் உண்டு. குதிகாலில் மெத்தை கிடையாது. கால்வேலைப் பயிற்சிக்குப் போதும். தினமும் நூறு லஞ்ச் என்று ஆனதும் முன்குதிகாலின் எலும்பு நோகத் தொடங்கும். மருந்துக் கடையில் குதிகால் வலிக்கு விற்கும் சிலிக்கான் பேடை முன்கால் ஷூவில் வைத்தால் ஓரளவு தாங்கும். தடிமனானது வேண்டாம், குதிகால் மேலெழும்பி ஷூவிலிருந்து நழுவும்.

கடைக்கு மாலையில் போங்கள், பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். பயிற்சிக்குப் போடும் நீளமான சாக்ஸைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்க்க வேண்டும். விரல் நுனிக்கு முன் அரை விரல்கடை இடம் போதும். அதற்கு மேல் விட்டால் ஒவ்வொரு லஞ்சிலும் பாதம் முன்னால் சறுக்கிப் பெருவிரல் நகம் கறுத்துவிடும். ஷூவை இரு கையாலும் மடக்குங்கள்: விரல் அடியில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கக் கூடாது. துணி பிழிவதுபோல் முறுக்கினால் எளிதில் முறுகக் கூடாது. கடைசியாக, வெட்கப்படாமல் கடையிலேயே ஐந்து லஞ்ச் பாய்ந்து பாருங்கள்.

நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை என்பதால் இன்னொரு கவனமும் தேவை. ஆனிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் நனைந்த ஷூவை வெயில் வந்ததும் மொட்டை மாடியில் வைத்தால் பசை விடும். இன்சோலை உருவி வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாள் திணித்து, மின்விசிறிக் காற்றில் காய விடுங்கள். தள்ளுபடியில் வரும் பழைய சரக்கிலும் எச்சரிக்கை வேண்டும். நடு அடியில் பாலியூரித்தேன் இருந்தால், பெட்டியைத் திறக்காமலே காற்றின் ஈரத்தில் அது உள்ளுக்குள் இற்றுக்கொண்டிருக்கும். நடு அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நுணுக்கமாக வெடிப்பு விழுந்தாலோ மாவாக உதிர்ந்தாலோ, பார்க்கப் புதிதாக இருந்தாலும், எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.